அனல் அடங்கிய நிலம் யாருக்கு?

சென்னை சென்ட்ரலில் புறநகர் ரயில் ஏறினால் முதல் நிறுத்தம் பேசின் பிரிட்ஜ். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தவர் கண்ணில் ரயில் பெட்டிகளைக் கழுவும் யார்டும், கறுத்த தண்ணீர் நிற்கும் பக்கிங்காம் கால்வாயும், மின் கம்பிகளைச் சுமக்கும் இரும்புக் கோபுரங்களும் படும். அதற்கு அப்பால் மூலக்கொத்தளம். நகரத்தின் விளக்குகளுக்கும் விசிறிகளுக்கும் பல பத்தாண்டுகள் கரண்ட் கொடுத்த பவர் ஹவுஸ் இந்தக் கால்வாய்க் கரையில்தான் இருந்தது. அங்கிருந்து வடக்கே கடலோரமாகப் போனால், கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் எண்ணூரில் இன்னொரு அனல் நிலையம் 2017இல் மூடப்பட்டுவிட்டது.

நிலக்கரியில் ஓடிய பழைய மின் நிலையங்களை என்ன செய்வது என்பது இன்று உலகின் பல துறைமுக நகரங்களும் ஆற்றங்கரை நகரங்களும் எதிர்கொள்ளும் கேள்வி. சிலர் இடித்தார்கள். சிலர் அருங்காட்சியகம் ஆக்கினார்கள். இன்னும் சிலர் பெரிய நிறுவனங்களின் தலைமை அலுவலகமாக மாற்றினார்கள். நகரத்தின் நடுவில், தண்ணீர் ஓரமாக, ரயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் நிலம் என்பதால் இப்படிப்பட்ட இடங்கள்மேல் எல்லோருக்கும் கண். வடசென்னையில் இந்த மாற்றம் சாத்தியமா, சாத்தியம் என்றால் எந்த நிபந்தனைகளோடு, யாருடைய நன்மைக்காக? இந்தக் கட்டுரை இவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கிறது.

நிலமும் நிலையங்களும்

சென்னை மக்கள் மின்சாரத்தின் வேலையை முதலில் கண்டது தெருவில். 1895இல் இங்கே ஓடத் தொடங்கிய டிராம், இந்தியாவின் முதல் மின்சார டிராம். அடுத்த சில ஆண்டுகளில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மெட்ராஸ் எலெக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன் என்ற தனியார் கம்பெனி நகரத்துக்கு மின்சாரம் விற்க வந்தது. அது தன் உற்பத்தி நிலையத்துக்கு பேசின் பிரிட்ஜைத் தேர்ந்ததற்குக் காரணங்கள் தெளிவானவை. நிலக்கரி வர ரயில் பாதையும் துறைமுகமும் அருகில் இருந்தன. கால்வாய் பக்கத்தில் ஓடியது. மின்சாரம் வாங்கும் ஜார்ஜ் டவுன் வணிகர்கள் கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள். ஆந்திரப் பக்கமிருந்து விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் வந்து நின்ற இந்தக் கால்வாய்த் துறை அதற்கு முன்பே ஒரு சரக்குச் சந்தி. பவர் ஹவுஸ் அந்தச் சந்தியோடு வந்து சேர்ந்துகொண்டது.

1947இல் அந்தக் கம்பெனியை அரசு எடுத்துக்கொண்டது. 1957இல் மின்சார வாரியம் அமைந்தது. 90 மெகாவாட் அளவுக்கு வளர்ந்திருந்த அனல் நிலையம் 1980களில் ஓய்ந்தது. 1996இல் அதே இடத்தில் நாப்தா எரித்து ஓடும் வாயுச் சுழலி நிலையம் வந்தது. தலா 30 மெகாவாட் திறனில் நான்கு இயந்திரங்கள், மொத்தம் 120 மெகாவாட். நாப்தா விலை கூடிய எரிபொருள். அதனால் அது நாள் முழுக்க ஓடும் நிலையமாக இருக்கவில்லை. ஆனால் வாயுச் சுழலிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. நிலக்கரி நிலையத்தைப் பற்றவைத்து உற்பத்திக்குக் கொண்டுவரப் பல மணி நேரம் பிடிக்கும், வெளியிலிருந்து மின்சாரமும் வேண்டும். வாயுச் சுழலி சில நிமிடங்களில் எழுந்துவிடும். மின் தொகுப்பு மொத்தமாக விழுந்துவிட்டால் நகரத்தை மீட்டெடுக்க இப்படி ஒரு நிலையம் பக்கத்தில் இருப்பது காப்பு. எனவே பேசின் பிரிட்ஜை முழுக்கக் கைவிடப்பட்ட இடமாக நினைக்கக் கூடாது. அங்கே இன்றும் மின்துறைக்கு வேலை இருக்கிறது.

எண்ணூரின் கதை வேறு. 1970க்கும் 1975க்கும் இடையில் 60 மெகாவாட்டில் இரண்டு, 110 மெகாவாட்டில் மூன்று என ஐந்து அலகுகள் ஒவ்வொன்றாக இயங்கத் தொடங்கின. மொத்தம் 450 மெகாவாட். சென்னையைச் சுற்றிய தொழிற்சாலைகள் அதில் வளர்ந்தன. 2017 மார்ச் மாதக் கடைசியில் அது நிறுத்தப்பட்டது. இயந்திரங்கள் பழைய இரும்பாகப் போயின. அதற்குள் வடக்கே வடசென்னை அனல் நிலையமும் வல்லூர் நிலையமும் வந்து, நிலக்கரியின் சுமை அப்படியே முகத்துவாரத்தின் மறுபக்கம் நகர்ந்திருந்தது. மூடிய நிலையத்தை அடுத்தே 660 மெகாவாட் விரிவாக்கம் தொடங்கிப் பாதியில் நின்றது. அதை மீண்டும் எடுத்துக் கட்ட வேண்டாம் என்று அப்பகுதி மக்கள் எதிர்த்துவருகிறார்கள்.

ஆக நம் முன் இரண்டு விதமான நிலங்கள் இருக்கின்றன. நகரத்தின் நடுவில், சென்ட்ரலுக்கு அடுத்த நிறுத்தத்தில், இன்னும் பாதி உயிரோடு இருக்கும் ஒன்று. நகரத்தின் விளிம்பில், ஆற்று முகத்தில், முழுக்க ஓய்ந்துபோன மற்றொன்று. தலைமை அலுவலகம் என்ற யோசனை முதலாவதற்குப் பொருந்தலாம். இரண்டாவதற்குப் பொருந்தாது. இரண்டுக்கும் ஒரே மருந்து எழுதும் திட்டம் எதுவானாலும் சந்தேகத்தோடு பார்க்கப்பட வேண்டும்.

மற்ற ஊர்கள் கண்ட வழி

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத் தலைநகர் லான்சிங். அங்கே கிராண்ட் ஆற்றங்கரையில் 1930களின் இறுதியில் எழுந்தது ஒட்டாவா தெரு மின் நிலையம். அந்த நகரத்தின் பொதுத்துறை மின்வாரியத்துக்குச் சொந்தமானது. கட்டடக் கலைஞர் எட்வின் பவுட் அதன் சுவரிலேயே நிலக்கரி எரிவதை எழுதிவைத்தார். அடித்தளத்தில் கறுப்புக் கல், மேலே போகப் போகச் சிவப்பு, பிறகு ஆரஞ்சு, உச்சியில் மஞ்சள் எனச் செங்கல்லின் நிறம் படிப்படியாக மாறும். தெருவில் போகிறவர் கீழிருந்து மேலே பார்த்தால் கரி கனலாகித் தீயாவது தெரியும். 1992இல் நிலையம் ஓய்ந்தது. பிறகு பல ஆண்டுகள் அதற்கு வழி பிறக்கவில்லை. கடைசியில் ஆக்சிடென்ட் ஃபண்ட் என்ற காப்பீட்டு நிறுவனம் அதை வாங்கி, சுமார் 18 கோடி டாலர் செலவில் புதுப்பித்து, 2011இல் தன் தலைமை அலுவலகத்தை அங்கே கொண்டுவந்தது. தொழிலாளர்கள் வேலையில் காயம்பட்டால் இழப்பீடு கொடுக்கும் காப்பீடுதான் அந்த நிறுவனத்தின் தொழில்.

இந்த மாற்றம் கைகூடியதற்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம். முதலாவது, குடிவருபவர் யார் என்பது வேலை தொடங்கும் முன்பே முடிவாகிவிட்டது. இரண்டாவது, பாரம்பரியக் கட்டடத்தைக் காப்பாற்றுவதற்கும் மாசுபட்ட நிலத்தைச் சீர்செய்வதற்கும் அரசு வரிச்சலுகை கொடுத்தது. சந்தைக் கணக்கில் நட்டமாக இருந்ததைப் பொதுப்பணம் ஈடுகட்டியது. மூன்றாவது, அங்கே மிச்சமிருந்த குளிர்நீர் ஆலையை மின்வாரியம் முன்பே வேறு இடத்துக்கு மாற்றிவிட்டது. கட்டடம் கைமாறும்போது உள்ளே பழைய வேலை எதுவும் இல்லை.

இதற்கு நேரெதிரான அனுபவம் லண்டனின் பேட்டர்சீ. தேம்ஸ் கரையில் நான்கு வெள்ளைப் புகைபோக்கிகளோடு நிற்கும் அந்த நிலையம் 1983இல் மூடியது. அதைக் கேளிக்கைப் பூங்காவாக்குவதாகச் சொல்லி 1987இல் ஒருவர் வாங்கினார். கூரையைக் கழற்றிய பிறகு பணம் தீர்ந்துபோக, 1989இல் வேலை நின்றது. இரும்புச் சட்டங்கள் மழையில் துருப்பிடித்தன. கைமாறிக் கைமாறி, 2012இல் மலேசியக் கூட்டமைப்பு ஒன்று வாங்கியது. அதில் மலேசியத் தொழிலாளர்களின் சேமநிதியான ஊழியர் சேமநிதி வாரியமும் ஒரு பங்குதாரர். அந்த வகையில் மலேசியத் தமிழ்த் தொழிலாளர்களின் சேமிப்பும் பேட்டர்சீயில் கலந்திருக்கிறது. ஆப்பிள் நிறுவனம் கொதிகலன் கூடத்துக்குள் ஏறக்குறைய 5 லட்சம் சதுர அடி அலுவலகம் எடுத்துக்கொள்ள முன்வந்தது. 2021இல் சுரங்க ரயில் பாதை அங்கே நீட்டிக்கப்பட்டது. 2022 அக்டோபரில் கட்டடம் பொதுமக்களுக்குத் திறந்தது. மூடியதிலிருந்து எண்ணினால் 39 ஆண்டுகள். இதற்கிடையில், செலவு கூடிவிட்டது என்று காரணம் சொல்லி, எளிய வருமானக்காரர்களுக்கு ஒதுக்குவதாகச் சொன்ன 636 வீடுகள் 2017இல் 386 ஆகக் குறைக்கப்பட்டன. பணம் நெருக்கும்போது முதலில் வெட்டப்படுவது ஏழையின் பங்கு. இந்தப் பாடம் லண்டனுக்கு மட்டும் உரியதல்ல.

அதே தேம்ஸ் கரையில் பேங்க்சைடு நிலையம் வேறொரு வழி போனது. 1981இல் மூடிய அது, 2000இல் டேட் மாடர்ன் கலைக்கூடமானது. பேட்டர்சீயின் வடிவத்தில் பங்குள்ள கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட்தான் இதையும் வடிவமைத்தவர். சுழலிகள் ஓடிய கூடம் இப்போது யாரும் காசு கொடுக்காமல் நுழைந்து நடக்கும் பொது மண்டபம். நமக்கு இதில் மிக முக்கியமான செய்தி ஒன்று உண்டு. கலைக்கூடம் திறந்தபோதும் கட்டடத்தின் ஒரு பகுதியில் துணைமின் நிலையம் தொடர்ந்து இயங்கியது. சுவரின் ஒருபக்கம் மின்மாற்றிகள், மறுபக்கம் ஓவியம் பார்க்க வந்த குழந்தைகள். மின்துறை தேவையை வைத்துக்கொண்டே மீதியை மக்களுக்குத் திறக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். பேசின் பிரிட்ஜுக்குப் பொருந்தும் முன்மாதிரி இதுதான்.

ஷாங்காயில் ஹுவாங்பூ ஆற்றங்கரை நான்ஷி நிலையம், 2010 உலகக் கண்காட்சியில் ஓர் அரங்காகப் பயன்பட்டு, 2012இல் சமகாலக் கலை அருங்காட்சியகம் ஆனது. அதன் 165 மீட்டர் புகைபோக்கியை இடிக்காமல் வைத்திருக்கிறார்கள். அங்கே முதல் போட்டது அரசு, நடத்துவதும் அரசு.

கட்டடத்தின் சிக்கல்

மின் நிலையத்தை அலுவலகமாக்குவது பழைய பங்களாவை அலுவலகமாக்குவது மாதிரி எளிய வேலை கிடையாது. கொதிகலன் கூடத்துக்குள் மாடிகளே இருக்காது. பல மாடி உயரத்துக்கு ஒரே வெற்றிடம், அதில் தொங்கும் கொதிகலன். பல இடங்களில் கொதிகலனைத் தாங்கும் இரும்புச் சட்டமே சுவரையும் நிற்க வைத்திருக்கும். கொதிகலனை எடுக்கும்போது சுவர் சரியாமல் முட்டுக்கொடுத்து, புதிய தளங்களை ஒவ்வொன்றாகப் பொருத்த வேண்டும். ஆழமான கட்டடம் என்பதால் நடுவில் உட்காருபவருக்கு வெளிச்சம் வராது. கூரையிலோ நடுவிலோ திறந்து வானத்தை உள்ளே கொண்டுவர வேண்டியிருக்கும். சென்னை வெயிலில் அப்படித் திறக்கும் கண்ணாடிக் கூரை குளிர்சாதனச் செலவை ஏற்றிவிடும். உயர்ந்த கூரையும் மேல்சுவரின் காற்றுத் துளைகளும் கொண்ட பழைய சுழலிக் கூடத்தின் இயற்கைக் காற்றோட்டத்தைப் பயன்படுத்தும் வடிவமைப்பே நம் ஊருக்கு ஏற்றது.

சாதகங்களும் உண்டு. கனரக இயந்திரங்களைத் தாங்கிய அஸ்திவாரம் எந்த அலுவலகத்தையும் தாங்கும். கூடத்தின் கூரையடியில் ஓடும் கிரேன், புதுப்பிக்கும் வேலைக்கே உதவும். உயர் அழுத்த மின் இணைப்பு வாசலிலேயே இருக்கும். இருக்கும் செங்கல்லையும் இரும்பையும் மறுபடி பயன்படுத்தினால் புதிதாகச் சிமென்ட் எரிக்க வேண்டிய அளவு குறையும்.

வெள்ளமும் கணக்கில் வர வேண்டும். பேசின் பிரிட்ஜ் தாழ்ந்த இடம். ஓட்டேரி நல்லா பக்கிங்காம் கால்வாயில் சேருவது இந்தப் பகுதியில்தான். ஒவ்வொரு பெருமழையிலும் புளியந்தோப்பில் தண்ணீர் தேங்குவதை நகரம் பார்த்துக்கொண்டிருக்கிறது. இங்கே மனையை மண்ணடித்து உயர்த்தி, இரண்டு அடுக்கு நிலத்தடி கார் நிறுத்தம் தோண்டினால், அலுவலகம் காய்ந்து கிடக்கும், பக்கத்துத் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். எந்தத் திட்டமும் முதலில் தண்ணீருக்கு இடம் விட்டாக வேண்டும்.

மண்ணில் கிடப்பது

கட்டடத்தைவிடக் கடினமானது மண். பல பத்தாண்டுகள் நிலக்கரியைக் கொட்டி வைத்த இடத்தில், சாம்பலைச் சேர்த்துவைத்த இடத்தில், கன உலோகங்கள் இறங்கியிருக்கும். பழைய நீராவிக் குழாய்களில் வெப்பம் போகாமல் சுற்றப்பட்டது பெரும்பாலும் கல்நார். அதன் தூசி நுரையீரலில் படிந்து இருபது முப்பது ஆண்டுகள் கழித்தும் நோய் தரும். பழைய மின்மாற்றி எண்ணெய்களில் பாலிகுளோரினேட்டட் பைஃபினைல் என்ற வேதிப்பொருள் கலந்திருந்தது. புற்றுநோய்க்கு வழிவகுக்கும் அந்தப் பொருளை 2025 இறுதிக்குள் பயன்பாட்டிலிருந்து முழுக்க அகற்ற வேண்டும் என்று இந்திய அரசு 2016இலேயே ஆணையிட்டது. நாப்தா தொட்டிகள் இருந்த இடத்தில் எண்ணெய்க் கசிவைச் சோதிக்க வேண்டும்.

பழைய நிலையத்தை உடைப்பவர்கள் பெரும்பாலும் ஒப்பந்தக்காரர் கூட்டிவரும் கூலித் தொழிலாளர்கள். கேஸ் கட்டரும் ஒரு துணி முகமூடியுமாக அவர்கள் குழாய்களை வெட்டினால் கல்நார்த் தூசி முதலில் அவர்கள் மூச்சில்தான் போகும். அந்தத் தொழிலாளரின் பாதுகாப்பு ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் எழுதப்பட வேண்டிய விஷயம்.

மாசுபட்ட இடங்களை மேலாண்மை செய்வதற்கான விதிகளை ஒன்றிய அரசு 2025 ஜூலையில்தான் அறிவித்தது. சந்தேகத்துக்குரிய இடங்களை அடையாளம் காண்பது, ஆய்வு செய்வது, மாசுபடுத்தியவரிடமே செலவை வாங்குவது என்ற வரிசையை அது வகுக்கிறது. பேசின் பிரிட்ஜையும் எண்ணூரையும் இந்த விதிகளின்கீழ் உடனே ஆய்வுக்கு உட்படுத்தலாம். அதற்கு விற்பனைத் திட்டமோ கட்டுமானத் திட்டமோ வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

எண்ணூரில் இந்த வேலையின் அளவு மிகப் பெரிது. வடசென்னை அனல் நிலையத்தின் சாம்பல் குளத்தை ஒட்டி வாழும் செப்பாக்கம் கிராமத்தில் காற்றடித்தால் சாம்பல் வீட்டுக்குள் வரும். சாம்பல் குழம்பைக் கொண்டுபோகும் குழாய்கள் கசிந்து, கொசஸ்தலையாற்றின் படுகையில் சாம்பல் அடுக்கடுக்காகப் படிந்தது. ஆழம் குறைந்த இடங்களில் படகு தரை தட்டுகிறது. ஆற்றுக்குள் இறங்கிக் கையால் தடவி இறால் பிடித்தவர்களுக்குப் பிடிக்க இடமில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து அந்த முகத்துவாரத்தில் படர்ந்தது. இப்படிப்பட்ட ஆற்றின் கரையில் கண்ணாடி அலுவலகம் ஒன்றை வைப்பது தீர்வாகாது. எண்ணூரின் பழைய நிலத்துக்கு ஏற்ற மறுவாழ்வு, சாம்பலை அள்ளி ஆற்றுக்கு ஆழத்தையும் அலையாத்திக் காட்டையும் திருப்பித் தருவது.

இந்தியாவும் நம் நகரமும்

டெல்லியில் யமுனைக் கரையில் இந்திரப்பிரஸ்தா, ராஜ்காட், பதர்பூர் என மூன்று நிலக்கரி நிலையங்கள் அடுத்தடுத்து மூடப்பட்டன. ராஜ்காட் 2015இலும் பதர்பூர் 2018இலும் நின்றன. பதர்பூரின் சாம்பல் குளம் சூழல் பூங்காவாகத் திட்டமிடப்பட்டது. தமிழ்நாட்டில் நெய்வேலியின் முதல் அனல் நிலையம் 2020இல் ஓய்ந்தது. மூடுவது எப்படி என்பதை நாடு கற்றுக்கொண்டுவிட்டது. மூடிய பிறகு என்ன என்பதில் இன்னும் தெளிவு பிறக்கவில்லை.

இந்த இடத்தில் மும்பை பஞ்சாலை நிலங்களின் கதை நமக்குப் பெரிய எச்சரிக்கை. 1991இல் அங்கே வந்த விதி நல்ல விதி. ஆலை நிலத்தை மறுபடி பயன்படுத்தினால் மூன்றில் ஒரு பங்கு பொதுவெளிக்கு, ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்கு, ஒரு பங்கு உரிமையாளருக்கு என்று அது சொன்னது. 2001இல் ஒரு திருத்தம் வந்தது. பங்கு பிரிப்பது கட்டடம் இல்லாத வெற்று நிலத்துக்கு மட்டும் என்று ஆனது. ஆலை நிலத்தின் பெரும்பகுதியில் கட்டடங்கள் நின்றதால் நகரத்துக்குக் கிடைக்க வேண்டிய பங்கு சுருங்கிப்போனது. 2006இல் உச்ச நீதிமன்றமும் அந்தத் திருத்தத்தை ஏற்றது. ஆலைத் தொழிலாளர் வாழ்ந்த பகுதியில் வணிக வளாகங்களும் அலுவலகக் கோபுரங்களும் எழுந்தன. ஒரு வரித் திருத்தம் ஒரு நகரத்தின் பல நூறு ஏக்கரை எப்படிக் கைமாற்றும் என்பதற்கு இது சான்று.

சென்னையின் கணக்கும் கலவையானது. சென்ட்ரலுக்குப் பக்கத்தில், 1837இல் எழுந்த மத்திய சிறை 2009இல் இடிக்கப்பட்டது. விடுதலைப் போராட்ட வீரர்கள் அடைபட்ட அறைகளில் சிலவற்றையாவது நினைவாக வைத்துக்கொண்டு மருத்துவக் கல்லூரியை விரித்திருக்கலாம். பெரம்பூரின் பி அண்டு சி ஆலை 1996இல் மூடியது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918இல் பிறந்தது அந்த ஆலைத் தொழிலாளர்களால். இன்று அந்த நிலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள். மாறாக, அண்ணா சாலையின் பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006இல் இடிக்கத் தொடங்கியபோது, ஆர்வலர்கள் நீதிமன்றம் போனார்கள். 2010இல் உயர் நீதிமன்றம் இடிக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. நகரத்தின் பாரம்பரியக் கட்டடங்களுக்கு ஒரு பட்டியலும் பாதுகாப்புக் குழுவும் வலுப்பெற்றது அந்த வழக்கால். ஆனால் நம் பட்டியல்களில் கோயிலும் மாளிகையும் கல்லூரியும் இருக்கும் அளவுக்குத் தொழிற்சாலையும் பவர் ஹவுஸும் இல்லை. உழைப்பு நடந்த இடம் பாரம்பரியம் என்ற எண்ணம் நம்மிடம் இன்னும் வேர்விடவில்லை.

கட்டடத்தின் பயனை மாற்றத் தமிழ்நாட்டுக்குத் தெரியாமல் இல்லை. ஓமந்தூரார் வளாகத்தில் சட்டமன்றத்துக்கென்று கட்டிய கட்டடம் 2014இல் பன்னோக்கு மருத்துவமனையானது. வடசென்னையிலேயே, கொளத்தூரில் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகம் வேறொரு வகையில் வழிகாட்டுகிறது. அங்கே குறைந்த கட்டணத்தில் உட்கார்ந்து வேலை செய்யவும் தேர்வுக்குப் படிக்கவும் இடம் கிடைக்கிறது. ஒண்டுக் குடித்தனத்தில் மேசை போட இடமில்லாத மாணவர்களுக்கு அது பெரிய ஆறுதல். அலுவலகம் என்றாலே நிறுவனத்தின் அடையாள அட்டை மாட்டியவருக்கு மட்டும் என்று இருக்க வேண்டியதில்லை.

மூலக்கொத்தளத்துக்கு என்ன கிடைக்கும்?

நகரத்தின் அலுவலக வேலைகள் தெற்கே போய் கால் நூற்றாண்டாகிறது. 2000இல் தரமணியில் டைடல் பார்க் எழுந்த பிறகு பழைய மகாபலிபுரம் சாலை முழுக்கக் கண்ணாடிக் கோபுரங்கள். வடக்கே துறைமுகம், உரம், பெட்ரோலியம், நிலக்கரி, குப்பைமேடு. ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் படித்த பிள்ளைகள் தெற்கே வேலைக்குப் போய்வர நாளில் மூன்று மணி நேரத்தைச் சாலையில் கழிக்கிறார்கள். 2021இல் விம்கோ நகர்வரை மெட்ரோ வந்ததும், 2024இல் தொடங்கிய வடசென்னை வளர்ச்சித் திட்டமும் இந்த ஏற்றத்தாழ்வை ஓரளவு ஒப்புக்கொண்டதன் அடையாளங்கள். எனவே வடசென்னைக்கு ஒரு தலைமை அலுவலகம் என்பது நியாயமான கோரிக்கைதான். சென்ட்ரலுக்கு அடுத்த நிறுத்தத்தில் அது வருவது போக்குவரத்துக் கணக்கிலும் சரி.

அங்கே முதலில் குடிவர வேண்டியவர் மின்துறையே. மின்வாரியத்தின் தலைமையகம் இன்று அண்ணா சாலையில் இருக்கிறது. 2024இல் வாரியத்தின் நிறுவனம் உற்பத்தி, பகிர்மானம், பசுமை ஆற்றல் எனப் பிரிக்கப்பட்டது. இவற்றில் ஒன்றின் தலைமை அலுவலகத்தை நகரத்துக்கு மின்சாரம் தந்த இந்த இடத்துக்குக் கொண்டுவருவது நிலத்தை அரசுக் கையிலேயே வைத்திருக்கும். லான்சிங் காட்டியபடி, குடிவருபவர் யார் என்பதும் முதல் நாளே முடிவாகிவிடும். ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல் கடன் சுமக்கும் வாரியத்துக்கு நகர நடுவிலுள்ள மனையை விற்றுவிடும் ஆசை எழுவது இயல்பு. அந்தக் கடனுக்கு முன் அந்த விற்பனைத் தொகை மிகச் சிறியது. ஒருமுறை விற்ற பொது நிலம் திரும்பி வராது.

மூலக்கொத்தளம் மக்களுக்கு நிலம் பறிபோன அனுபவம் புதிதல்ல. 1939இல் இந்தித் திணிப்பை எதிர்த்துச் சிறை சென்று உயிர்நீத்த நடராசனும் தாளமுத்துவும் இங்குள்ள இடுகாட்டில்தான் துயில்கிறார்கள். 2017இல் இடுகாட்டு நிலத்தின் ஒரு பகுதியில் குடிசை மாற்று வாரியம் அடுக்குமாடி கட்ட முனைந்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. ஏழைக்கு வீடு தேவை, அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. புதைத்தவர்மேல் வீடு கட்டும் நிலைக்கு அரசு ஏன் வந்தது என்பதே கேள்வியாக இருந்தது. அரசுத் துறைகளின் கையில் இதே வட்டாரத்தில் நிலம் இருக்கும்போது, இறந்தவருக்கும் இருப்பவருக்கும் இடையே போட்டி மூட்டியது திட்டமிடுதலின் தோல்வி. நகரத்தைத் திட்டமிடும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் எழும்பூர் தலைமையகத்துக்குப் பெயர் தாளமுத்து நடராசன் மாளிகை. அவர்கள் துயிலும் ஊரின் நிலத்தைப் பற்றிய முடிவும் அந்த மாளிகையில்தான் எடுக்கப்படுகிறது. அந்தப் பெயருக்கு உரிய பொறுப்போடு அது எடுக்கப்பட வேண்டும்.

இன்னொரு அச்சமும் நியாயமானது. பெரிய அலுவலகம் வந்தால் வாடகை ஏறும். கால்வாய் ஓரத்தில் குடியிருப்பவர்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பிய வழக்கம் இந்த நகரத்துக்கு உண்டு. அலுவலகத்தில் உள்ளூர்க்காரருக்குக் கிடைப்பது ஒப்பந்தத் துப்புரவு வேலையும் காவல் வேலையும் மட்டுமே என்றால், புகையைச் சுவாசித்தவர்கள் வாசலோடு நின்றுவிடுவார்கள்.

தீர்வுக்கான வரிசை

இவ்வளவையும் எடைபோட்டுப் பார்த்தால், அலுவலகமா வேண்டாமா என்பதைவிட எது முதலில் எது பிறகு என்பதே இந்தக் கேள்வியின் உயிர் என்று படுகிறது.

முதலில் கணக்கெடுப்பு. இரண்டு இடங்களிலும் என்ன கட்டடம், எந்த இயந்திரம், எந்த ஆவணம் மிச்சம் இருக்கிறது என்பதை மின்துறையும் பொதுப்பணித் துறையும் பதிவுசெய்ய வேண்டும். அங்கே வேலைபார்த்து ஓய்வுபெற்ற தொழிலாளரின் வாய்மொழியையும் அவர்கள் இருக்கும்போதே பதிவாக்க வேண்டும். இரண்டாவது மண், நிலத்தடி நீர் ஆய்வு, முடிவுகள் தமிழில் மக்கள் பார்வைக்கு. மூன்றாவது, பேசின் பிரிட்ஜில் அவசர மின் தேவைக்கான இடம் போக மீதி நிலத்தை விற்காமல், மூன்றில் ஒரு பங்கு கால்வாய்க் கரைப் பூங்காவுக்கும் வெள்ளநீர் தங்கும் இடத்துக்கும், ஒரு பங்கு இப்போது அங்கே வாழ்பவர்களுக்கான வீடுகளுக்கும், ஒரு பங்கு அலுவலகத்துக்கும் ஒதுக்குவது. இந்தப் பங்கீடு பின்னால் ஒரு திருத்தத்தில் சுருங்காதபடி சட்டமாகவே எழுதப்பட வேண்டும். நான்காவது, அலுவலகத்தின் தரைத்தளம் முழுக்கப் பொதுமக்களுக்கு: மின்சார அருங்காட்சியகம், படிப்பகம், உள்ளூர்ப் பெண்கள் நடத்தும் உணவகம். எண்ணூரில் கட்டுமானமே வேண்டாம். அங்கே ஆற்றை மீட்பது ஒன்றே திட்டம்.

சென்னைக்கான மூன்றாவது முழுமைத் திட்டம் இப்போது உருவாகிவருகிறது. 1976இலும் 2008இலும் வந்த திட்டங்களின் விளைவை நாம் இன்றுவரை அனுபவிக்கிறோம். இந்தத் திட்டத்தின் வரைபடத்தில் பேசின் பிரிட்ஜும் எண்ணூரும் என்ன நிறத்தில் தீட்டப்படுகின்றன என்பது அடுத்த இருபது ஆண்டுகளைத் தீர்மானிக்கும். வரைவு வெளியாகி மக்கள் கருத்துக் கேட்கும் அறிவிப்பு வரும்போது வடசென்னை வாசகர்கள் ஒவ்வொருவரும் எழுதுங்கள். இரண்டு இடங்களின் பெயரையும் குறிப்பிட்டு, விற்கக் கூடாது, முதலில் மண்ணைச் சுத்தம் செய்யுங்கள் என்று தமிழில் இரண்டு வரி எழுதினாலும் போதும், அது பதிவில் ஏறும்.